கணினி இடாப்பும் காலப் பிழையும்

பள்ளிக்கூடம் ஒன்றின் வரலாறு அதன் மண்டபங்களிலும் மாடிகளிலும் இருப்பதிலும் பார்க்க, அதன் இடாப்புகளிலேயே மிகுதியாக உறைகின்றது. சேர்விடாப்பு, வரவிடாப்பு, நூலக இடாப்பு, சம்பவத் திரட்டு என்னும் இவற்றுள் எதனை எடுத்துப் புரட்டினும், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு திகதி நிற்பதைக் காணலாம். அத்திகதி இன்றேல் அப்பதிவு வெறுஞ் செய்தி. அத்திகதி உண்டேல் அது சான்று. கையினால் இடாப்பு எழுதிய காலத்தில், திகதியை இட்டவர் இன்னார் என்பது அவர்தம் கையெழுத்தினாலேயே புலப்பட்டது. இன்று கணினி இடாப்பிலே திகதியையும் நேரத்தையும் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. கணினி தானே எழுதிக்கொள்கின்றது. இவ்வுதவி பெரிது. ஆயினும், தானே எழுதும் திகதி பிழைபட்டால், அப்பிழையும் தானாகவே, எவர் கண்ணிலும் படாது, பல நூறு வரிகளிற் பரவிவிடும். அத்தகைய பிழையொன்று நமது பழைய மாணவர் சங்க இடாப்பிலேயே நேர்ந்தது. அதனை மறையாது கூறி, அதன் காரணங்களையும் களையும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கத்தின் உறுப்பினர் இடாப்பைப் பேணும் பொறுப்பு, என் கையெழுத்துத் தெளிவானது என்ற ஒரே காரணத்தால், சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் வந்து சேர்ந்தது. நல்ல கையெழுத்துக்குக் கணினியில் வேலையில்லை என்பதை அப்பொழுது எவரும் எண்ணிப் பார்த்திலர். பழைய இடாப்பிலுள்ளவற்றையெல்லாம் என்னிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் கணினியில் ஏற்றித் தந்தார். முகவரிகளிற் சில 'யாழ்ப்பாணம்' என்றும், சில 'யாழ்.' என்றும் இருந்தன. ஒருநாள் இரவு, அவை ஒருசீராக இருத்தல் வேண்டுமென்று கருதி, 'யாழ்.' என வருமிடமெல்லாம் 'யாழ்ப்பாணம்' என மாற்றுமாறு ஒரு கட்டளை இட்டேன். நொடிப்பொழுதில் வேலை முடிந்தது. மனநிறைவோடு உறங்கச் சென்றேன்.

அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்னராயினும் சேர்ந்தோரே வாக்களிக்கலாம் என்பது சங்கத்தின் விதி. கணினியிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுத்து அச்சிட்டோம். ஒருவரும் அதனை வரிக்கு வரி ஒப்பு நோக்கவில்லை. கூட்டத்தன்று எண்பது வயதை எட்டிய பெரியவர் ஒருவர் வந்து தம் பெயரைக் கூறினார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. "ஐயா, தாங்கள் சென்ற மாதந்தான் சேர்ந்ததாக இடாப்பிற் காணப்படுகின்றது" என்றார் மேசையில் இருந்த இளைஞர். பெரியவர் ஒன்றும் வாதாடவில்லை. "அப்படியோ, தம்பி" என்று கூறிவிட்டுப் பின்வரிசையிற் போய் அமர்ந்தார். மறு வாரம் அவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்து, நான்காக மடித்த பற்றுச்சீட்டு ஒன்றை மேசைமீது விரித்தார். ஆயுட்சந்தா செலுத்திய ஆண்டு 1974. யான் பிறப்பதற்கு முன்னரே சேர்ந்த ஒருவரை, யான் வைத்த இடாப்புப் புதியவர் ஆக்கிவிட்டது.

அன்று மாலையே இடாப்பைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய நூறு உறுப்பினர், ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் சங்கத்திற் சேர்ந்திருந்தனர்! அவர்கள் அனைவருக்கும் ஒரு பொதுமை இருந்தது: யான் முகவரி திருத்தியவர்கள் அவர்களே. ஏனையோர் திகதிகள் மாறவில்லை. பிழை தேடுவோர் முதலிற் கவனிக்க வேண்டுவது இத்தகைய பொதுமையையே. எல்லா வரிகளும் பிழையாயின் காரணம் ஒன்று. சில வரிகளே பிழையாயின் அவற்றை ஒன்றுசேர்ப்பது யாது என்று ஆராய்தல் வேண்டும்.

கொழும்பிலே கணினித் தொழில் புரியும் அம்மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, அந்தப் புலத்தை அப்படி அமைத்தவன் நான்தான், பிழை என்னுடையது" என்றார். "தம்பி, கட்டளை இட்டவனும் பட்டியலைப் பாராது விட்டவனும் நான், அதை விட்டுவிட்டு, நடந்தது என்னவென்று சொல்லும்" என்றேன். அவர் விளக்கியதையும், பின்னர் யானே பழகி அறிந்ததையும் கீழே தருகின்றேன்.

நமது இடாப்பு 'மைஎஸ்கியூஎல்' என்னும் தரவுத்தள மென்பொருளில் அமைந்தது. அதில் நேரத்தைக் குறிக்கும் புல வகைகளுள் 'ரைம்ஸ்ராம்ப்' என்பது ஒன்று. 'டேற்ரைம்' என்பது மற்றொன்று. நாளை மட்டும் குறிப்பது 'டேற்'. இவற்றுள் ரைம்ஸ்ராம்ப் புலத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மென்பொருளின் பழைய பதிப்புகளில், ஓர் அட்டவணையில் முதலாவதாக வரும் ரைம்ஸ்ராம்ப் புலத்தை எவ்வித நிபந்தனையும் கூறாது அமைத்தால், மென்பொருள் தானே இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளும். புதிய பதிவு இடும்போது அப்போதைய நேரத்தை எழுதுக என்பது ஒன்று. அப்பதிவில் எதனைத் திருத்தினும் அந்நேரத்தை மீண்டும் எழுதுக என்பது மற்றொன்று. பின்னதை 'ஒன் அப்டேற்' என்பர். 8.0 பதிப்பு முதலாக இவ்வழக்கம் இயல்பில் நிறுத்தப்பட்டது. எனினும், பழைய பதிப்பில் அமைத்த அட்டவணை, புதிய பதிப்புக்கு மாற்றிய பின்னும் அந்நிபந்தனைகளைச் சுமந்தே இருக்கும். 'ஷோ கிறியேற் ரேபிள்' என்னும் கட்டளையை இட்டால் அட்டவணையின் அமைப்பு முழுவதும் திரையில் வரும். ஒளிந்திருக்கும் நிபந்தனையை அங்கே காணலாம்.

யான் தமிழாசிரியனாதலின் இதனை இலக்கண வழியாகவே விளங்கிக்கொண்டேன். காலங் காட்டுவது வினை. ஒரு வினைக்கு ஒரு காலம். ஓர் உறுப்பினரைப் பற்றி நம் இடாப்பில் மூன்று வினைகள் உள்ளன: அவர் சங்கத்திற் சேர்ந்தார், எழுதுவோர் அவர் பெயரைக் கணினியிற் பதிந்தார், பின்னொரு நாள் ஒருவர் அப்பதிவைத் திருத்தினார். வினை மூன்றாயின் காலமும் மூன்று. நாம் வைத்திருந்ததோ ஒரே புலம். 'சேர்ந்த திகதி' என்று அதற்கு நாம் பெயரிட்டோம். கணினியோ அதனைத் 'திருத்திய நேரம்' என்று கொண்டது. பெயரை நோக்கிக் கணினி நடப்பதில்லை. நிபந்தனையை நோக்கியே நடக்கும்.

ஆதலால், சேர்ந்த திகதியைத் தானாக எழுதும் புலத்தில் வைத்தல் ஆகாது. அது மனிதர் வாழ்வில் நிகழ்ந்த செயல். பற்றுச்சீட்டைப் பார்த்து மனிதரே எழுத வேண்டியது. பதிவான நேரம் கணினியிலே நிகழும் செயல். அதனைக் கணினி ஒருமுறை மட்டும் எழுதலாம். திருத்திய நேரத்தைத் திருத்தந்தோறும் கணினி எழுதலாம். இம்மூன்றையும் வேறுவேறு புலங்களாக்குதலே முதல் மருந்து.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ரைம்ஸ்ராம்ப் புலம் 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்கு முற்பட்ட எந்நேரத்தையும் ஏற்காது. 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி, கிறீனிச் நேரப்படி 3 மணி 14 நிமிடம் 7 செக்கனுக்குப் பிற்பட்டதையும் ஏற்காது. 1970இன் தொடக்கத்திலிருந்து கழிந்த செக்கன்களை எண்ணி, நான்கு பைற்று இடத்தில் அது சேமித்து வைப்பதே இதற்குக் காரணம். டேற்ரைம் புலமோ 1000ஆம் ஆண்டு முதல் 9999ஆம் ஆண்டு வரை கொள்ளும். நம் சங்கத்தில் 1950களிலும் 1960களிலும் சேர்ந்தோர் பலர். அவர்கள் திகதிகளைத் தட்டெழுதியபோது, கட்டுப்பாடு தளர்ந்த நிலையில் இருந்த மென்பொருள் அவற்றை மறுத்துக் கூறாமல், ஆண்டும் மாதமும் நாளும் பூச்சியமாக எழுதிவைத்தது. இப்பொழுதைய பதிப்புகள் இயல்பாகவே கட்டுப்பாடான நிலையில் இயங்குதலின், இத்தகைய திகதியை ஏற்காது பிழை என்று அறிவிக்கும். பிழை என்று அறிவிக்கும் கருவியை நாம் சினக்கின்றோம். அறிவியாது விழுங்கும் கருவியே அஞ்சத்தக்கது.

மூன்றாவது குறை, இடத்தாலும் காலத்தாலும் வருவது. யான் கட்டளை இட்டது இரவு 9.40 மணிக்கு, இடாப்புக் காட்டியதோ பிற்பகல் 4.10. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 5 மணி 30 நிமிடம். இவ்வெண்ணைக் கண்டவுடன் காரணம் விளங்கல் வேண்டும். இலங்கை நேரம் கிறீனிச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. நமது இடாப்பைத் தாங்கும் சேவையகம் வெளிநாட்டில், உலகப் பொதுநேரத்தில் இயங்குகின்றது. வேறுபாடு ஒழுங்கற்று இருப்பின் கடிகாரத்தை ஐயுறுக. வேறுபாடு எப்பொழுதும் ஐந்தரை மணியாயின் நேர வலயத்தை ஐயுறுக.

ஐந்தரை மணி வேறுபாடு நேரத்தை மட்டும் கெடுப்பதன்று, நாளையும் கெடுக்கும். இலங்கையில் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே பதிந்தவை, பொதுநேரத்தில் முந்திய நாளுக்குரியவை ஆகும். ரைம்ஸ்ராம்ப் புலம் உட்கொள்ளும் நேரத்தைப் பொதுநேரமாக மாற்றிச் சேமித்து, கேட்போரின் நேர வலயத்துக்கு ஏற்ப மீண்டும் மாற்றிக் காட்டும். ஒருவர் மே 3 என்று இலங்கை வலயத்திலிருந்து எழுதினால், அது மே 3 நள்ளிரவு என்று கொள்ளப்பட்டு, பொதுநேரத்தில் மே 2 மாலை 6.30 எனச் சேமிக்கப்படும். பின்னர் பொதுநேர வலயத்திலிருந்து நோக்குவோர்க்கு மே 2 என்றே தோன்றும். சிலர் திகதி ஒரு நாள் குறைந்து நின்றமைக்குக் காரணம் இதுவே. டேற் புலமாயின் இவ்வாறு மாறாது. எழுதிய நாள் எழுதியவாறே நிற்கும்.

இங்கே நம் நாட்டு வரலாற்றையும் நினைத்தல் தகும். 1996ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி பின்வாங்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் திகதி மற்றை அரை மணியும் நீங்கி, பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது. அரசின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பகுதிகளில் பழைய நேரமே வழங்கியமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் இருந்ததை நம் மாணவருட் பலர் இன்றும் மறந்திலர். ஆதலின், கணினிக்கு நேர வலயம் குறிக்குமிடத்து, 'கூட்டல் 5.30' என்று எண்ணாகக் குறித்தலிலும் 'ஏசியா கொழும்பு' என்று பெயராகக் குறித்தல் நன்று. பெயரால் குறிப்பின், 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட நேரங்களை அக்காலக் கணக்கின்படியே கணினி காட்டும். மைஎஸ்கியூஎல் மென்பொருளில் இப்பெயர்கள் வழங்குதற்கு, நேர வலய அட்டவணைகளை முதலில் ஏற்றியிருத்தல் வேண்டும்.

நிற்க. கல்லூரி அலுவலகங்களிலும் நூலகங்களிலும் 'மைக்ரோசொப்ட் அக்சஸ்' என்னும் மென்பொருளே பெரிதும் வழங்குதலின், அதிற் காணும் பிழைகள் சிலவற்றையும் கூறுவேன்.

அக்சஸ் மென்பொருளில் ஒரு புலத்துக்கு இயல்புப் பெறுமானமாக 'டேற்' என்றாயினும் 'நவ்' என்றாயினும் குறிக்கலாம். முன்னது நாளை மட்டும் எழுதும். பின்னது நாளோடு நேரத்தையும் எழுதும். இயல்புப் பெறுமானம் புதிய பதிவு தோன்றும்போது மட்டுமே இடப்படும். முன்னரே உள்ள பதிவுகளில் அது தானாக நிரம்பாது. பதிவைத் திருத்தும்போதும் மாறாது. "திருத்தினேன், திகதி மாறவில்லை" என்று முறையிடுவோர் இதனை அறிதல் வேண்டும். திருத்திய நேரம் வேண்டுமாயின், படிவத்தின் 'பிவோர் அப்டேற்' என்னும் நிகழ்வில் அதற்கான கட்டளையை எழுதல் வேண்டும். அதுவும் அப்படிவத்தின் வழியாகத் திருத்தும்போதே வேலை செய்யும். அட்டவணையை நேரே திறந்து திருத்துவோரை அது காணாது.

நூலகத்தில் மார்ச் மாதம் இரவல் கொடுத்த நூல்களை, மார்ச் 1 முதல் 31 வரை என்று வினவினால், 31ஆம் திகதி கொடுத்தவை விடுபட்டுப்போவதுண்டு. புலத்தில் நேரமும் சேர்ந்திருப்பதே காரணம். மார்ச் 31 என்று மட்டும் கூறினால் அந்நாள் தொடங்கும் நள்ளிரவையே கணினி எல்லையாகக் கொள்ளும்; அன்று காலை பத்து மணிக்குக் கொடுத்த நூல் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். மார்ச் 1 முதல், ஏப்பிரல் 1க்கு முன் என்று வினவுதலே தக்கது. திரையில் நேரம் தோன்றவில்லையாதலின் நேரம் இல்லை என்று கருதுதல் கூடாது. காட்டும் வடிவம் வேறு, உள்ளே இருக்கும் பெறுமானம் வேறு.

மற்றொரு பிழை மாதமும் நாளும் இடம் மாறுவது. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகின்றோம். அக்சஸ் வினவலிற் கட்டளையாக நேரே எழுதும் திகதியோ அமெரிக்க முறைப்படி மாதம் முன்னாகக் கொள்ளப்படும். 5/6 என்று எழுதினால் ஜூன் 5 ஆகாது, மே 6 ஆகும். 13/6 என்று எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையால், ஜூன் 13 என்று சரியாகவே கொள்ளும். ஆகவே மாதத்தின் முதற் பன்னிரண்டு நாள்களிற் பிழையும் பின்னர்ச் சரியும் வருமாயின், நோய் இதுவெனத் துணியலாம். ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், நாளை இறுதியிலும் எழுதுவோர்க்கு இவ்விடர் இல்லை.

சில பதிவுகளில் 1899ஆம் ஆண்டு டிசம்பர் 30 என்று காணப்பட்டால் மலைக்க வேண்டியதில்லை. அக்சஸ் நாள்களை எண்களாகவே சேமிக்கின்றது. அந்நாளே அதன் பூச்சியம். திகதி இருக்க வேண்டிய இடத்திற் பூச்சியம் நுழைந்துவிட்டது என்பதே பொருள். இனி, அக்சஸ் நேரத்தைப் பெறுவது அவரவர் முன்னுள்ள கணினியின் கடிகாரத்திலிருந்து. பழைய கணினியின் உள்ளே நாணயம்போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது வலுவிழந்தால், மின்சாரம் நின்று மீளும்போதெல்லாம் கடிகாரம் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். ஒரு மேசையில் எழுதுவன மட்டும் பிழையாயின், அம்மேசைக் கணினியின் மின்கலத்தை மாற்றிப் பார்க்க. தரவுத்தளத்தின்மேற் குற்றமில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், பிழை தேடுவோன் தன்னைத்தானே கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து. எழுதுவது எந்தக் கடிகாரம்? எச்செயல் நிகழும்போது எழுதுகின்றது? புலம் எவ்வகையினது? எழுதுவோரும் பார்ப்போரும் எந்நேர வலயத்தினர்? பிழை உள்ளே உள்ளதா, காட்டும் வடிவில் உள்ளதா? இவற்றுக்கு விடை காணச் சோதனைப் பதிவு ஒன்றே போதும். பதிவை இட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க; சில நிமிடம் கழித்து அதிலுள்ள ஒரு சொல்லைத் திருத்துக; எந்தப் புலம் மாறியது, எவ்வளவு மாறியது என்று நோக்குக. சொல்லை மாற்றாது அதே சொல்லை மீண்டும் இட்டால், மைஎஸ்கியூஎல் அதனைத் திருத்தமாகக் கருதாது; நேரமும் மாறாது. ஆகவே உண்மையாகவே ஒரு சொல்லை மாற்றிச் சோதித்தல் வேண்டும். இதனை நூறு பேர் பதிவிற் செய்யாது, பெயரில்லாத ஒரு சோதனைப் பதிவிற் செய்க.

நமது இடாப்பை மீட்டது இவ்வாறு. முதலில், உள்ளவாறே ஒரு படி எடுத்து வைத்தோம். பிழையான படியும் சான்றே. இரண்டாவதாக, 'சேர்ந்த திகதி' என்னும் புலத்தை டேற் வகைக்கு மாற்றினோம். நிபந்தனையை நீக்காது பழைய திகதிகளை இட்டிருப்பின், அடுத்த திருத்தத்தில் அவை மீண்டும் அழிந்திருக்கும். ஓட்டையை அடைத்த பின்னரே குடத்தை நிரப்புதல் வேண்டும். மூன்றாவதாக, யான் கட்டளை இடுவதற்கு முன் எடுத்த காப்புப்படியிலிருந்து திகதிகளைப் பெற்று இட்டோம். நான்காவதாக, பூச்சியமாக நின்றவற்றையும் ஒரு நாள் குறைந்தவற்றையும் பழைய இடாப்போடும் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளோடும் ஒப்பு நோக்கினோம். கணினிக்கு ஒரு நொடி எடுத்த வேலையை மீட்க, மூவருக்கு மூன்று வார மாலைகள் வேண்டியிருந்தன. இன்று, பட்டியல் அச்சிடுமுன், ஒரே நாளிற் சேர்ந்தோர் ஒருவருக்கு மேற்பட்டோர் உளரா என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கும் அப்பெரியவர் வந்தார். மேசையில் இருந்த இளைஞர் எழுந்து நின்று, "ஐயா, 1974" என்றார். பெரியவர் கையொப்பமிட்டு, வாக்குச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, முன்வரிசையிற் போய் அமர்ந்தார். ஆயினும், முந்திய ஆண்டில் அவர் இழந்த வாக்கை நாம் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. காப்புப்படி திகதியை மீட்கும். கழிந்த கூட்டத்தை மீட்காது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1970ஆம் ஆண்டுக்கு முன்னர்ச் சங்கத்திற் சேர்ந்தோருட் சிலரின் திகதிகள் இன்னும் வெறுமையாகவே உள்ளன. அவர்கள் பக்கங்கள் பழைய இடாப்பிற் சிதைந்துவிட்டன. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவர்கள், தம்மிடமோ தம் தந்தையார் பெட்டியிலோ சங்கத்துப் பற்றுச்சீட்டு இருப்பின், அதன் படியொன்றைச் செயலாளருக்கு அனுப்பி உதவுவாராக. அத்திகதிகளைக் கணினி தானே எழுதாது, எழுதவும் விடமாட்டோம். பற்றுச்சீட்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக, யாமே எழுதுவோம்.